ஈரத் துண்டும் 230 வோல்ட்டும்: கடலோரக் குளியலறையில் டவல் ரெயிலுக்கு எந்த இணைப்பு?

ஐப்பசி பிறந்துவிட்டால் மண்டபத்துக்குக் கிழக்கே எந்த வீட்டுக் கொடியிலும் துணி முழுதாகக் காய்வதில்லை. காலையில் விரித்த துண்டு மாலையில் தொட்டால் சில்லென்று இருக்கும். மறுநாள் முகத்தில் வைத்தால் முடைநாற்றம் அடிக்கும். தங்கச்சிமடத்தில் ஆறு அறைகளோடு சிறு விடுதி நடத்தும் என் மைத்துனருக்கு இது தொழிலையே பாதிக்கும் சிக்கலாகிவிட்டது. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் வாளி வாளியாக நீராடிவிட்டுச் சொட்டச் சொட்ட அறைக்குத் திரும்புகிறவர்கள், ஈரத்துணியை ஏ.சி.யின் முகப்பிலும், கட்டிலின் தலைமாட்டிலும், சில சமயம் சுவிட்ச் போர்டின் மேலேயும்கூடப் போட்டுவிடுகிறார்கள். சென்ற மழைக்காலம் முடிந்ததும் அவர் என்னிடம் கேட்டார்: "மச்சான், குளியலறைச் சுவரில் கரண்டில் சூடாகிற கம்பி மாட்டுகிறார்களே, அதை நம்ம அறைகளிலும் மாட்டிவிடலாமா?"

வயரிங் வேலையிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில், மாட்டலாம் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. இந்தக் கருவிக்கு மின்சாரம் கொடுக்க நான்கைந்து வழிகள் உண்டு; அவற்றில் நம் ஊரில் அன்றாடம் நடக்கிற இரண்டும் ஆளைக் கொல்லக்கூடியவை. மற்றவற்றில் எது பொருந்தும் என்பது குளியலறையின் அளவையும், வீட்டு எர்த்தின் நிலையையும், கடற்காற்று எத்தனை மாதத்தில் ஒரு திருகாணியைத் தின்று தீர்க்கும் என்பதையும் பொறுத்தது. அவருக்காகப் போட்ட கணக்கு, அதே யோசனையில் இருக்கும் பாம்பன், ஏர்வாடி, கீழக்கரை, தொண்டிப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கருவியால் எவ்வளவு முடியும்

டவல் ரெயில் என்பது குழாய்ச் சட்டம் ஒன்றுக்குள் சூடேற்றும் கம்பியை வைத்து மூடிய எளிய பொருள். சிலவற்றில் குழாய்க்குள் திரவம் நிரப்பி அதில் ஹீட்டர் தண்டை இறக்கியிருப்பார்கள். சிலவற்றில் திரவம் இல்லாமல் வெப்பக் கம்பியே குழாய் நெடுக ஓடும். வீட்டுக்கென வரும் சிறிய ரெயில்கள் 60 முதல் 150 வாட் வரை இழுக்கும். 100 வாட் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அரை ஆம்பியருக்கும் குறைவு. கெய்சரோடு ஒப்பிட்டால் இது கொசுக்கடி.

அலட்சியம் பிறப்பது இந்த எண்ணிலிருந்துதான். நனைந்த உடம்பின் மின்தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அதன் குறுக்கே 230 வோல்ட் வந்தால் ஓடுவது 230 மில்லி ஆம்பியர். பத்து மில்லி ஆம்பியருக்கு மேலேயே பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகும். முப்பதைத் தாண்டி நீடித்தால் இதயத் துடிப்பு தறிகெட வாய்ப்பு உண்டு. கருவி இழுக்கும் ஆம்பியருக்கும் அது கொல்லும் திறனுக்கும் தொடர்பே இல்லை. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று, ஈரக் கையால், உலோகக் குழாயை வேண்டுமென்றே பற்றுவதற்காக மாட்டப்படும் மின்கருவி வீட்டில் இது ஒன்றுதான் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

வாங்குவதற்கு முன் இன்னொரு கணக்கும் போட வேண்டும். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.65 யூனிட் அளவு வெப்பம் தேவை. பிழிந்த பருத்திச் சேலையும் வேட்டியும் சேர்ந்தால் ஒரு லிட்டர் நீரைத் தாராளமாகத் தாங்கி நிற்கும். 100 வாட் ரெயில் தன் வெப்பத்தில் ஒரு துளிகூட வீணாக்காமல் உழைத்தாலும் அதைக் காயவைக்க ஆறரை மணி நேரம் ஆகும். உடம்பு துடைத்த துண்டில் கால் லிட்டர் நீர் இருக்குமானால், கணக்குப்படி இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். நடைமுறையில் மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். ஆகவே இது துண்டுக்கான கருவி, தீர்த்தமாடிய துணிகளுக்கானது அல்ல. கடலில் நனைந்து நல்ல தண்ணீரில் அலசாத துணி என்றால் எந்தக் கருவியும் பயன்படாது. காற்றின் ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டியதும் கடலுப்பு தானே நீர் கோத்துக்கொள்ளும் என்பதால், சூட்டில் காய்ந்த துணியும் அணைத்த சற்று நேரத்தில் மீண்டும் பிசுபிசுக்கும். இதை விளக்கியதும் மைத்துனர் பாதி ஆசையைக் கைவிட்டார். மீதிப் பாதி துண்டுக்காக.

அளவுநாடாவை எடுத்தபோது

குளியலறை மின்வேலைக்கு உலகம் முழுதும் பின்பற்றப்படும் அடிப்படை, ஐ.இ.சி. 60364 என்னும் சர்வதேசத் தொகுதியில் குளியலறைக்கென்றே எழுதப்பட்ட 701-ஆம் பகுதி. நம் நாட்டு வயரிங் நெறிமுறையான ஐ.எஸ். 732-இன் 2019 பதிப்பும் அந்தத் தொகுதியை ஒட்டியே அமைந்திருக்கிறது. குளியலறையை நீர் படும் வாய்ப்பைக் கொண்டு மண்டலங்களாகப் பிரிப்பது அதன் முறை. தொட்டியின் உட்புறம் மண்டலம் 0. தொட்டிக்கு நேர் மேலே 2.25 மீட்டர் உயரம் வரை மண்டலம் 1. அதற்கப்பால் 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு மண்டலம் 2. தொட்டி இல்லாமல் சுவரில் ஷவர் மட்டும் இருந்தால் மண்டலம் 2 கிடையாது. ஷவர் வாயிலிருந்து 1.2 மீட்டர் தூரம் முழுவதுமே மண்டலம் 1 ஆகிவிடும். மண்டலம் 1-இலும் 2-இலும் வைக்கும் கருவிக்கு நாற்புறமும் தெறிக்கும் நீரைத் தாங்கும் காப்பு, அதாவது தூசையும் நீரையும் தடுக்கும் திறனைக் காட்டும் ஐ.பி. எண்ணின் இரண்டாம் இலக்கம் குறைந்தது 4, இருக்க வேண்டும். சாதாரண சுவிட்சும் பிளக் பாயிண்டும் இந்த மண்டலங்களுக்குள் வரவே கூடாது. குளியலறைக்குப் போகும் மின்சுற்றுகள் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்காப்பின், அதாவது அவ்வளவு மின்சாரம் எர்த்துக்கோ உடம்புக்கோ கசிந்தாலே லைனைத் துண்டிக்கும் சாதனத்தின், கீழ் இருக்க வேண்டும்.

இந்த விதிகளை மனத்தில் கொண்டு விடுதியின் குளியலறைகளை அளந்தேன். நான்கு அறைகளில் 4 அடிக்கு 6 அடி. 1.2 மீட்டர் என்பது கிட்டத்தட்ட 4 அடி. ஷவரிலிருந்து நாடாவை இழுத்தால் அது எதிர்ச் சுவரைத் தொட்டு, கதவு நிலையை நெருங்கிவிடுகிறது. மண்டலத்துக்கு வெளியே எஞ்சுவது கதவு திறக்கும் இடம் மட்டுமே. மேலும், இந்த விதிகளை எழுதியவர்கள் நிலையான ஷவரின் கீழ் நிற்கும் ஒருவரைக் கற்பனை செய்திருக்கிறார்கள். நாம் வாளியும் கோப்பையுமாகக் குளிக்கிறவர்கள். தலையில் ஊற்றும் நீர் நான்கு சுவர்களையும் கழுவுகிறது; குளித்து முடித்தபின் மிச்சத் தண்ணீரை வீசி மூலை முடுக்கெல்லாம் அலசிவிடுவதும் நம் வழக்கம். என் கருத்தில், நம் ஊர்ச் சிறு குளியலறை முழுவதையும், தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு, மண்டலம் 1 என்றே எண்ணி வேலை செய்வதுதான் சரி. அப்படி எண்ணிய மாத்திரத்தில் வழிகளில் சில தாமாக உதிர்ந்துவிடுகின்றன.

பிளக்கைச் செருகுவதும் கெய்சர் லைனில் கொக்கி போடுவதும்

பலரும் முதலில் நினைப்பது, குளியலறைக்குள் ஏற்கெனவே இருக்கும் பிளக் பாயிண்டில் செருகிவிடுவது. இதற்கு நான் அதிக இடம் ஒதுக்கப் போவதில்லை. பிளக் பாயிண்டின் துளைகளுக்குள் நீராவியும் உப்பும் புகுந்து பித்தளைத் தகட்டில் களிம்பு பிடிக்கும். பிடிப்புத் தளர்ந்து சூடேறும். ஈரக் கையோடு பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் வரும். வெளிநாட்டு ரெயில்களில் நம் பாயிண்டுக்குப் பொருந்தாத பிளக் இருந்தால், நடுவில் பல்துளை அடாப்டர் ஒன்றும் சேரும்; அந்த அடாப்டர்கள் பலவற்றில் எர்த் முனை எதையும் தொடுவதில்லை. மூன்று முள் பிளக்கைப் பார்த்து எர்த் இருக்கிறது என்று நம்பிக் குளிப்பவருக்கு எர்த்தே இல்லை. இந்த வழி வேண்டாம்.

இரண்டாவது, கெய்சருக்கு வந்த லைனிலிருந்தே ஒரு கிளை எடுப்பது. சுவரைக் கொத்த வேண்டியதில்லை, அரை மணி நேரத்தில் வேலை முடியும் என்பதால் வயர்மேன்களுக்கு இதுதான் பிடித்த வழி. ஆனால் கெய்சர் லைனுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் 20 அல்லது 25 ஆம்பியர் எம்.சி.பி.யும் (அளவு மீறி மின்சாரம் ஓடினால் தானே விழும் சுவிட்ச்) போட்டிருப்பார்கள்; ரெயிலோடு வரும் நெகிழ்கம்பியோ 0.75 சதுர மில்லிமீட்டர் அளவிலேயே இருக்கும். அந்த மெல்லிய கம்பி எங்காவது நசுங்கிப் பகுதியளவு பழுதாகிச் சூடேறினால், 20 ஆம்பியர் எம்.சி.பி. அதைச் சட்டை செய்யாது. இங்கிலாந்தில் இதற்கென 3 ஆம்பியர் ஃப்யூஸ் பொருத்திய தனி இணைப்புத் தகடு போடுவார்கள். நம் ஊர் வழக்கத்தில் அந்தத் தகடு இல்லாததால், அதன் வேலையைச் சிறிய எம்.சி.பி. ஒன்றுதான் செய்ய வேண்டும். கிளை எடுக்கும் மூட்டு எங்கே உட்காரும் என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் கெய்சருக்கு அருகில், குளியலறைக்குள், முறுக்கி டேப் சுற்றிய நிலையில்.

அப்படிச் சுற்றிய டேப்பை நான் அவிழ்த்துப் பார்த்திருக்கிறேன். மண்டபத்தில் என் சின்னம்மா வீட்டுக் குளியலறையில், குழாயைத் தொட்டால் விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்று அழைத்திருந்தார். கெய்சர் பாயிண்டின் மூடியைக் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டது, நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு வளைத்துக் கட்டியிருந்த ஒரு விரற்கடை நீளக் கறுப்புக் கம்பி. உண்மையான பச்சைக் கம்பி சுவருக்குள்ளேயே மடித்து விடப்பட்டிருந்தது. எர்த் குழி தோண்டும் செலவை மிச்சம் பிடிக்க யாரோ ஒரு வயர்மேன் செய்த வேலை. டெஸ்டரிலும் டெஸ்ட் லேம்பிலும் எல்லாம் சரியாகவே காட்டும். ஆனால் அந்தக் கிளையின் நியூட்ரல் கம்பி, உப்புக் காற்றில் அரித்து எங்காவது விட்டுப் போகும் நாளில், சூடேற்றும் கம்பியின் வழியாகத் திரும்பும் முழு 230 வோல்ட்டும் கருவியின் உலோக உடம்பில் வந்து நிற்கும். கெய்சர் என்றால் உயரத்தில் இருக்கும், யாரும் தொடுவதில்லை. டவல் ரெயிலை நாளுக்கு நான்கு முறை தொடுவார்கள்.

தனிச் சுற்று

மூன்றாவது வழிதான் நான் விரிவாகப் பேச விரும்புவது. வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியான டி.பி.யிலிருந்து ரெயிலுக்கென்றே பேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிகளை பி.வி.சி. பைப்பில் கொண்டுவருவது; டி.பி.யில் அதற்கு 6 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.பி.ஓ. (எம்.சி.பி.யும் கசிவுக்காப்பும் ஒன்றாகச் சேர்ந்தது) ஒன்று வைப்பது, குளியலறைக் கதவுக்கு வெளியே, விளக்கெரியும் குறியோடு கூடிய இருமுனைச் சுவிட்ச் வைப்பது, அங்கிருந்து சுவருக்குள்ளாகவே போய் ரெயிலின் பின்புறம், மூட்டே இல்லாமல், நீர்புகாப் பெட்டி ஒன்றில் முடிப்பது. குளியலறை விளக்கின் சுவிட்சைக் கதவுக்கு வெளியே வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம் என்பதால், சுவிட்ச் வெளியே இருப்பது யாருக்கும் விநோதமாகத் தோன்றாது.

இருமுனைச் சுவிட்ச் எதற்கு என்று கேட்பார்கள். ஒற்றை முனைச் சுவிட்ச் பேஸை மட்டுமே வெட்டும். வயர்மேன் கவனப்பிசகாக அதை நியூட்ரலில் போட்டுவிட்டால், அணைத்து வைத்த ரெயிலுக்குள்ளும் பேஸ் காத்துக்கொண்டிருக்கும், துடைப்பவருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்து வெட்டினால் அந்தத் தவற்றுக்கே இடமில்லை.

வீட்டுக்கே பொதுவாக ஒரு ஆர்.சி.சி.பி., அதாவது கசிவுக்காப்பு, இருக்கும்போது தனி ஆர்.சி.பி.ஓ. வீண் செலவு என்று மைத்துனர் வாதாடினார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சட்டப்படியான காப்பு அதிலேயே கிடைத்துவிடும். ஆனால் ஹீட்டர் தண்டின் உள்ளே சூடேற்றும் இழையைச் சுற்றி அடைத்திருப்பது மக்னீசியம் ஆக்சைடு என்னும் வெண்பொடி. அது ஈரத்தை உறிஞ்சும். பங்குனி முதல் புரட்டாசி வரை ரெயிலை யாரும் போட மாட்டார்கள். தண்டின் வாயை அடைத்த சீல் சற்றே விட்டிருந்தால் அந்த ஆறேழு மாதக் கடற்காற்று பொடிக்குள் இறங்கியிருக்கும். ஐப்பசியில் முதல் மழைக்குச் சுவிட்சைப் போட்டதும் சில பத்து மில்லி ஆம்பியர் கசியும், ஆர்.சி.சி.பி. விழும், விடுதி முழுதும் இருளும். இரண்டாம் முறை விழுந்ததும் யாராவது ஒருவர் ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராகக் கம்பியை இழுத்துவிடுவார். இதை நான் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். அப்புறம் ரெயிலுக்கு மட்டுமல்ல, கெய்சருக்கும் மோட்டாருக்கும் சேர்த்துக் காப்புப் போய்விடும். தனி ஆர்.சி.பி.ஓ.வை, அந்த ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் அல்லாமல் அதற்கு முன்பிருந்தே இணைத்து வைத்தால், விழுவது ரெயில் மட்டும். அதன் விலை, பிறர் கை மற்ற காப்புகளில் படாமல் இருப்பதற்கான விலை என்று சொன்ன பிறகு அவர் ஒப்புக்கொண்டார்.

கசிவுக்காப்பின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். குறித்த 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் 0.3 நொடிக்குள்ளும், அதன் ஐந்து மடங்கு கசிந்தால் 0.04 நொடிக்குள்ளும் அது துண்டிக்க வேண்டும் என்பது தரம். ஆனால் ஒருவர் பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டால் அதற்கு எதுவும் தெரியாது. அவரை ஒரு கருவியாகவே எண்ணிக்கொள்ளும். அதனால்தான் திறந்த மூட்டுகள் ஈரப் பக்கத்தில் வரக்கூடாது என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். இன்வெர்ட்டர் லைனில் ரெயிலைச் சேர்ப்பதும் தவறு. இரண்டு லைன்களின் நியூட்ரல் கலந்துவிட்டால் கசிவே இல்லாமல் ஆர்.சி.பி.ஓ. விழுந்துகொண்டே இருக்கும்.

பன்னிரண்டு வோல்ட்டும் வெளிச்சுவரும்

பாதுகாப்பு மட்டுமே அளவுகோல் என்றால், குளியலறைக்குள் 12 வோல்ட்டில் ஓடும் ரெயிலை எதுவும் மிஞ்சாது. தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மரை வெளியே வைத்து 12 வோல்ட்டை மட்டும் உள்ளே அனுப்பும் முறையைத் தொட்டியின் உட்புறத்திலேயே அனுமதிக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளலாம். குறை நடைமுறையில்தான். 60 வாட்டுக்கே 5 ஆம்பியர் ஓடும். தூரம் கூடினால் கம்பியைத் தடிக்க வைக்க வேண்டும். கருவி கிடைப்பதும் அரிது. செல்போன் சார்ஜர் மாதிரியான மலிவு அடாப்டரை வைத்து யாராவது இதைத் தாமே செய்ய முயன்றால், உள்ளே காப்பு பிரிந்த அடாப்டர் 230 வோல்ட்டையே அனுப்பிவிடக்கூடும். முறையான பொருள் கையில் இல்லாதவர்கள் இந்த வழியை மறந்துவிடலாம்.

ஐந்தாவது வழி, ரெயிலைக் குளியலறைக்குள் மாட்டாமல், கதவுக்கு வெளியே உடை மாற்றும் பக்கத்துச் சுவரில் மாட்டுவது. வயரிங் எல்லாம் மூன்றாவது வழியைப் போலவேதான். தனிச் சுற்று, ஆர்.சி.பி.ஓ., இருமுனைச் சுவிட்ச், எதுவும் குறையக்கூடாது. மாறுவது சூழல் ஒன்றுதான்: தண்ணீர் வீசி அலசுவதில்லை, நீராவி தேங்குவதில்லை, தரை உலர்ந்திருக்கிறது. அழகு குறைவு, குளித்த இடத்திலேயே சூடான துண்டு என்ற சுகமும் போய்விடும். ஆனால் துண்டு காய்வதற்கு ஈரக் குளியலறையைவிடக் காற்றோட்டமான அறையே ஏற்றது என்பதால், கருவியின் வேலையும் இங்கே நன்றாக நடக்கிறது.

மின்சாரமே இல்லாத வழியையும் ஒப்பீட்டில் வைத்தாக வேண்டும். வெண்டிலேட்டரில் நல்ல எக்ஸாஸ்ட் பேன், மொட்டைமாடியில் ஷீட் போட்ட கொடி. கொடிக்கு நைலான் கயிறு. இரும்புக் கம்பி கட்டி அதன் ஒரு முனையை மின்இணைப்பு வரும் சர்வீஸ் பைப்பில் முடிந்து வைப்பதால் ஈரச்சேலை விரிக்கப்போனவர்கள் மாண்ட செய்தி ஒவ்வொரு மழைக்காலத்திலும் எங்காவது வருகிறது. தீர்த்தமாடிய துணிகளுக்கு விடுதியில் இந்த வழியைத்தான் பரிந்துரைத்தேன்.

எர்த், நம் மண்ணில்

மேற்சொன்ன எந்த வழிக்கும் அடியில் இருப்பது எர்த். ரெயிலில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சதுரம் வரைந்த குறி இருந்தால் அது இரட்டைக் காப்புக் கருவி, எர்த் கேட்காது. அப்படியானாலும் பச்சைக் கம்பியைப் பெட்டி வரை கொண்டுவந்து முடித்துவைக்க வேண்டும், நாளை அந்த இடத்தில் வேறு ரெயில் வரலாம். குறி இல்லாததற்கு எர்த் கட்டாயம்.

நம் வீடுகளில் எர்த் என்பது வளவிலேயே குழி தோண்டி இறக்கிய பைப் அல்லது தகடு. அதன் மின்தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மோசமான எர்த் அல்ல. பேஸ் ரெயிலின் உடம்பைத் தொட்டால் ஓடுவது 23 ஆம்பியர். ஆனால் சி வகை 6 ஆம்பியர் எம்.சி.பி. கணப்பொழுதில் விழ 30 முதல் 60 ஆம்பியர் வேண்டும். அது யோசித்து விழும் சில நொடிகளுக்கு ரெயில் உயிரோடிருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்காப்பு இருந்தாலோ, எர்த் 100 ஓமாகச் சீர்கெட்டிருந்தாலும் அது விழும் நேரத்தில் ரெயிலின் உடம்பில் நிலையாக நிற்கக்கூடிய மின்னழுத்தம் 3 வோல்ட்தான். எம்.சி.பி.யையும் கசிவுக்காப்பையும் ஒன்றெனக் கருதுகிறவர்கள் இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

தீவுக்கரையில் எர்த்துக்கு ஒரு விசித்திரம் உண்டு. உவர்நீர் மேலேயே கிடைப்பதால் புதிதாகப் போட்ட எர்த் பிரமாதமாக அளவு காட்டும். அதே உவர்நீர் ஜி.ஐ. பைப்பைச் சில ஆண்டுகளில் அரித்துவிடும். பைப்பின் தலையில் கம்பியை முடுக்கிய போல்ட்டு அதற்கும் முன்னால் துருவாகிவிடும். விடுதியின் எர்த் குழியைத் திறந்தபோது, கைப்பட்டதும் போல்ட்டின் தலை பொரியைப்போல் உதிர்ந்தது. பச்சைக் கம்பி எதையும் தொடாமல் குழிக்குள் படுத்திருந்தது. ஆறு அறைகளின் எர்த் முனைகளும் ஒழுங்காக இணைக்கப்பட்டு, ஒன்றுசேர்ந்து எங்கும் போகாமல் முடிந்திருந்தன. ரெயில் வாங்குவதற்கு முன் அந்தக் குழிக்குச் செலவு செய்யச் சொன்னேன்: செம்பு பூசிய தண்டு, எவர்சில்வர் போல்ட்டு, கழற்றி அளக்கத்தக்க மூடி.

உப்பு

பாம்பன் கடற்பாலம் 1914 முதல் துருவோடு போராடியே நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் சிறப்புப் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தக் காற்றுதான் நம் வெண்டிலேட்டர் வழியாகவும் வருகிறது. இரும்புக் குழாயில் குரோமியம் பூசிய ரெயில் இங்கே ஒரு மழைக்காலத்துக்கு மேல் பளபளக்காது. பூச்சின் ஊசித்துளை வழியே துரு கொப்பளித்து, நாளடைவில் உள்ளே நீருக்கு வழி விடும். எவர்சில்வரிலும் 304 என்ற தரத்தைவிட, மாலிப்டினம் கலந்த 316 தரம் உப்பின் புள்ளியரிப்பைத் தாங்கும். பெட்டியில் ஐ.பி. 44 என்றோ 55 என்றோ அச்சிட்டிருப்பதைக் கண்டு அமைதியடைய வேண்டாம். அந்தச் சோதனை நன்னீரில் நடப்பது, உப்பரிப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

ரெயிலின் பின்புறப் பெட்டி பி.வி.சி.யாக இருக்கட்டும், இரும்பு மெட்டல் பாக்ஸ் வேண்டாம். கம்பி நுனிகளுக்கு வெள்ளீயம் பூசிய முனைத்தொப்பி அணிவித்து முடுக்க வேண்டும். கம்பி நுழையும் துளைக்கு ரப்பர் கிளாண்ட் வேண்டும். கீழ்க்குழாய் தரையிலிருந்து 60 சென்டிமீட்டருக்கு மேலே இருக்க வேண்டும் என்று இவ்வகைக் கருவிக்கான சர்வதேசத் தரம் சொல்வது தவழும் குழந்தைகளின் கை சுட்டுவிடக்கூடாதே என்று எண்ணி. நம் தரையில் ஓடும் தண்ணீருக்கும் அது பொருந்துகிறது.

வேலையை யாரிடம் கொடுப்பது என்பதில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. அரசின் தகுதிச் சான்று பெற்ற மின் கம்பியாளர் செய்ய வேண்டும். மின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் பெயரில் வேலை நடக்க வேண்டும். முடித்ததும் ரெயிலைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கரால் கம்பிகளுக்கிடையே காப்பை அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் கரண்ட் கொடுக்கக் கூடாது. ஆர்.சி.பி.ஓ.வின் டெஸ்ட் பொத்தான் அதன் இயக்கத்தை மட்டுமே சோதிக்கும். எர்த் அறுந்திருந்தாலும் பொத்தானை அமுக்கினால் அது விழும். எர்த்தை எர்த் மீட்டர் வைத்துத் தனியே அளக்க வேண்டும், அதுவும் மண் காய்ந்து கிடக்கும் வைகாசியில் ஒரு முறை.

விடுதியில் முடிவானது

சொந்த வீடு கட்டிக்கொண்டிருப்பவர், 6 அடிக்கு 9 அடியாவது குளியலறை வைத்து, குளிக்கும் பகுதியைக் கண்ணாடித் தடுப்பால் பிரித்து, உலர்பக்கச் சுவரில் ஷவரிலிருந்து 4 அடிக்கு அப்பால் ரெயிலை வைக்க முடியுமானால், மூன்றாவது வழியைத் தயக்கமின்றி எடுக்கலாம். சுவர் பூசுமுன் பைப் பதித்துவிட்டால் செலவும் சொற்பம். ஏற்கெனவே கட்டிய சிறு குளியலறைக்கு ஐந்தாவது வழிதான் என் தேர்வு. விடுதிக்கு அது இன்னும் பொருந்தும்: வந்து போகிறவர்கள் யார் எதை எங்கே ஊற்றுவார்கள் என்று நம்மால் சொல்ல முடியாது.

ஆறு அறைகளில் ஐந்தில், குளியலறைக் கதவுக்கு வெளிச்சுவரில், இரட்டைக் காப்பு ரெயில் மாட்டினோம். சுவிட்சோடு இரண்டு மணி நேரத்தில் தானே அணையும் டைமர் சேர்த்தோம். நாளுக்கு இரு முறை போட்டாலும் மாதம் 12 யூனிட் ஓர் அறைக்கு. ரெயிலின் மேலே "துண்டுக்கு மட்டும்" என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டியிருக்கிறார். ஈரச்சேலையை நாலாக மடித்து அதன்மேல் போட்டு ரெயில் தெரியாமல் மூடிவிடுகிறவர்கள் அப்படியும் இருக்கிறார்கள். ஆறாவது அறையில் கதவு இரண்டு பக்கமும் ஜன்னலை ஒட்டியிருப்பதால் மாட்டச் சுவர் கிடைக்கவில்லை. குளியலறைக்குள் மாட்டிவிடலாமே என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தார். அந்த அறைக்கு மொட்டைமாடிக் கொடியின் சாவியைக் கொடுத்துவிடுகிறார்.